அடுத்த பீட்டா வரும் தேதி

செஞ்சி
13.07.2025

மாதா துணை

அன்புத் தங்கை ஜாஸ்மினுக்கு,

செஞ்சியிலிருந்து உன் அண்ணன் விக்டர். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெயில்தான் ஆளை வறுத்து எடுக்கிறது. உனக்குக் கன்னியர் மடத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? வீட்டில் உன்னைக் காலையில் எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே ஐந்து மணிக்கே மணியடித்து எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

பயிற்சி முடியும்வரை உன் கையில் போன் கிடையாது என்று சேர்த்த அன்றே மதர் சொல்லிவிட்டார்கள். செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன் தங்கைக்குத் தபால் எழுதுகிறான் என்று பக்கத்து டீக்கடை பாண்டுரங்கன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், பேப்பரில் வந்திருக்கிறது. இனிமேல் கூட்டம் வரும், மலை ஏறிப் படம் பிடித்தே போனைச் சாகடிப்பார்கள், அப்புறம் பஸ் ஸ்டாண்டில் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

மாமா இறந்ததை மடத்துக்கு போன் செய்து சொல்லியிருந்தேன். கண் காட்டுவதற்காக நம் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒரு மத்தியானம் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவலூர்பேட்டையில் அடக்கம் செய்தோம். அப்பா போன துக்கத்தில் உன் அண்ணி அங்கே அவள் அம்மாவோடு இருக்கிறாள், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வந்துவிடுவாள்.

நான் கடை, வீடு, பீட்டா என்று இருக்கிறேன். பீட்டா என்றால் உனக்குத் தெரியாது. போனுக்குப் புதிய மென்பொருளை ஊருக்கெல்லாம் விடுவதற்கு முன்னால், ஓட்டை உடைசலைக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டவர்களுக்கு மட்டும் கம்பெனி முதலில் விட்டுப் பார்க்கும். அதுதான் பீட்டா. ஒன்று வந்ததும் அடுத்தது எப்போது வரும் என்று கணிக்க ஒரு குழுவே இருக்கிறது. அதில் என் பெயர் செஞ்சி ஜோசியர். போன மூன்று பீட்டாவுக்கும் நான் சொன்ன தேதி தப்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபத்தில் தூங்கி விழாதே.

உன் அண்ணன்
விக்டர்


கொடைரோடு
03.08.2025

இயேசுவுக்குப் புகழ்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜாஸ்மின் எழுதுகிறேன். ஒரு வாரம் சளி இருந்தது, இப்போது தேவலை. ஜெபத்தில் இரண்டு முறைதான் தூங்கி விழுந்தேன். உனக்கு வெயிலில் வரும் அந்த வயிற்று வலி இந்த வருஷம் வந்ததா?

எங்களுக்கு மாதத்தில் முதல் ஞாயிறுதான் கடிதம் எழுத அனுமதி. எழுதியதை ஒட்டாமல் மதரிடம் கொடுக்க வேண்டும், வருவதையும் அவர்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆகவே என்னைத் திட்டுவதாக இருந்தால் மரியாதையாகத் திட்டு. பீட்டா என்றால் என்ன என்று மதர் கேட்டார்கள். என்னைப் போலத்தான் மதர், முழுசாக வெளியே விடுவதற்கு முன் வைத்துச் சோதிக்கிறார்கள் என்றேன். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அமிர்தசாமி மாமா முகம் கண்ணிலேயே நிற்கிறது. நான் மடத்துக்குக் கிளம்பிய அன்று ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து, கன்னியாஸ்திரி ஆனால் கடலை சாப்பிடக்கூடாதா என்று கேட்டவர். அவர் போன அன்று நீ பக்கத்தில் இருந்தாயா அண்ணா? அதை நீ எழுதவில்லை. அண்ணிக்கு அப்பா என்றால், அவர்களுடைய நைனா என்றால் உயிர். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்களா? நான் கேட்டதாகச் சொல்.

எல்லோருக்காகவும் ஜெபிக்கும்
ஜாஸ்மின்


செஞ்சி
17.08.2025

அன்புள்ள ஜாஸ்மின்,

சளிக்கு மாத்திரை போடு, ஜெபத்தை மட்டும் நம்பாதே. மதர் படித்தாலும் பரவாயில்லை. எனக்கு வயிற்று வலி வரவில்லை. பாண்டுரங்கன் கடை இட்லி சாப்பிட்டே வராததுதான் ஆச்சரியம்.

பூசைக்குப் போனேன், நல்ல கூட்டம். உன் அண்ணி இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வரட்டும் என்று நான்தான் சொன்னேன். அவள் அம்மா தனியாக இருக்கிறார்கள் இல்லையா.

இந்த முறை பீட்டா தேதியை எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன் கேள். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு நீள எண் இருக்கும், அதன் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்து ஏ பக்கம் நெருங்க நெருங்க, சோதனை முடியப்போகிறது என்று பொருள். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று விடுவார்கள், முடிவு நெருங்கினால் வாரத்துக்கு ஒன்று. கம்பெனி இருக்கும் ஊரில் விடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். மற்றவர்கள் செவ்வாய் என்றார்கள், அங்கே திங்கள் விடுமுறை என்பதால் புதன் என்று நான் ஒருவன்தான் சொன்னேன். புதன்தான் வந்தது. பிரேசிலில் இருந்து ஒருத்தன் எனக்குக் கும்பிடு போட்டான்.

ஆனால் எனக்கு வேண்டியது அதில் வரவில்லை. ஒவ்வொரு பீட்டாவோடும் என்னென்ன கோளாறைச் சரிசெய்தோம் என்று ஒரு குறிப்பு வரும். அதில் ஒரே ஒரு வரி எனக்கு வேண்டும். அடுத்ததில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கடையில் ஆள் வந்துவிட்டது. உடம்பு ஜாக்கிரதை.

விக்டர்


கொடைரோடு
07.09.2025

இயேசுவுக்குப் புகழ்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். தோட்ட வேலையில் கை காய்த்துப்போய்விட்டது, நீ பார்த்தால் உன் தங்கை கை என்று ஒத்துக்கொள்ளமாட்டாய். ஒரு மாதம் இட்லியிலேயே ஓட்டினாய் என்றால் வயிறு எப்படி இருக்கிறது?

நாளை மாதா பிறந்த நாள். இந்நேரம் நீயும் அண்ணியும் வேளாங்கண்ணியில் இருப்பீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லையே. அண்ணி எனக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி கொளுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன கடிதத்தில் பீட்டாவுக்கு ஒரு பக்கம், அண்ணிக்கு ஒரே வரி. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. மாமா போன அன்று நீ எங்கே இருந்தாய்? பீட்டா குறிப்பில் வேண்டும் என்றாயே, அந்த ஒரு வரியில் என்னதான் வரவேண்டும்? நீ சிரிக்கச் சிரிக்க எழுதினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம், அது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

ஜாஸ்மின்


செஞ்சி
21.09.2025

அன்புள்ள ஜாஸ்மின்,

வயிறு நன்றாக இருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போகவில்லை.

மதர் படிப்பார்கள் என்று தெரியும், படிக்கட்டும். ஜூன் மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தினமும் பயன்படுத்தும் போனில் பீட்டா போடாதீர்கள், அழைப்பு வராமல் போகும், பணப் பரிமாற்றம் நின்றுபோகும் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான்தான் புத்தி சொல்வேன். என் சொந்த போனில் போட்டேன். குழுவில் முதல் ஆளாகச் சொல்லவேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை.

மாமாவுக்கு வலி வந்ததும் உன் அண்ணி ராணி எனக்கு போன் செய்திருக்கிறாள். மறுபடி மறுபடி செய்திருக்கிறாள். எனக்கு ஒரு தடவைகூட அடிக்கவில்லை. தவறிய அழைப்பு என்றுகூடக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாகத்தான் போயிருக்கிறாள். காதில் போனை வைத்துக்கொண்டே என் கடையைத் தாண்டியிருக்கிறாள். அவளுக்கு ரிங் போகிறது. நான் கடையில் உட்கார்ந்து கையில் இருக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். ஆட்டோவை நிறுத்தினால் நைனா போய்விடுவார் என்று நிறுத்தவில்லை.

அவள் பெயரைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை என்று அவள் நினைக்கிறாள். போன் ரிப்பேர்க்காரன் போன் அடிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், நீயே சொல். அடக்கம் முடிந்த அன்றே அவளைக் கூப்பிட்டு, அவள் போனையும் என் போனையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உன்னுடையதில் அழைத்ததாக இருக்கிறது, என்னுடையதில் வந்ததாக இல்லை, பார் என்றேன். பார்க்காமலே எழுந்து போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசையிலும் பேசவில்லை. நான்தான் இருக்கச் சொன்னேன் என்று உனக்கு எழுதியது பொய்.

கம்பெனிக்கு இந்தக் கோளாறை எழுதிப் போட்டேன், வாராவாரம் போனின் பதிவுகளையும் அனுப்புகிறேன். அவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், அழைப்பு அடிக்காத கோளாறு நீக்கப்பட்டது என்று குறிப்பில் ஒரு வரி வரும். அந்த வரிதான் எனக்கு வேண்டும். கம்பெனியே எழுதிக் கொடுத்தால் நம்பித்தானே ஆகவேண்டும். அது எந்தப் பீட்டாவில் வரும் என்றுதான் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது ஜாஸ்மின். நீயும் போய்விட்டாய், அவளும் இல்லை. சாவியைப் போட்டுத் திறக்கிற சத்தம்தான் சாயங்காலம் கேட்கிற முதல் சத்தம்.

விக்டர்


கொடைரோடு
05.10.2025

இயேசுவுக்குப் புகழ்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர், அன்று மாலை தோட்ட வேலைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். கோவிலில் போய் உட்கார்ந்து அழுதேன்.

நீ பொய் சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். அடிக்கவில்லை என்றால் அடிக்கவில்லைதான். ஆனால் சாவு வீட்டில் இரண்டு போனை மேசையில் வைத்துக் காட்டினேன் என்று எழுதினாய் பார், அதைப் படித்தபோது உன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் நைனாவை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் அண்ணா. அந்த நேரத்தில் அவர்களுக்கு உன் போன் எதற்கு?

அடுத்தது, எனக்குப் புரியாத ஒன்று. அந்தப் பீட்டா இன்னும் உன் போனில்தான் இருக்கிறதா? அப்படியென்றால் இன்றைக்கு அண்ணி கூப்பிட்டாலும் அடிக்காமல் போகலாம்தானே? உன் கடையில் எத்தனை போன் கிடக்கிறது. சிம் கார்டைக் கழற்றி வேறொன்றில் போட எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கடிதம் கிடைத்ததும் அதைச் செய். பிறகு அவலூர்பேட்டை பஸ் ஏறு. காகிதம் எதுவும் வேண்டாம், வெறும் கையோடு போ.

மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாக வாக்குக் கொடுக்கும் நாள். அப்பா அம்மா இருந்தால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போவேன். நமக்கு அவர்கள் இல்லை. நீயும் அண்ணியும்தான் ஆளுக்கு ஒரு பக்கம் வரவேண்டும்.

ஜாஸ்மின்


செஞ்சி
12.10.2025

அன்புள்ள ஜாஸ்மின்,

சுகம். நீயும் சுகமாக இரு.

சிம்மை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். அந்த போனில் அந்த சிம் இருந்தால்தான் கோளாறு பதிவாகும், பதிவானால்தான் அனுப்பமுடியும். இத்தனை மாதம் காத்திருந்துவிட்டு இப்போது பிடுங்கிப் போடச் சொல்கிறாய். வெறும் கையோடு ஏற்கெனவே இரண்டு முறை போய்விட்டுத்தான் வந்தேன். ஒரு முறை அவள் அம்மா காப்பி கொடுத்தார்கள், அவள் உள்ளேயே இருந்தாள். இன்னொரு முறை காப்பியும் இல்லை.

அவள் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறாய். கூப்பிடமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். நவம்பர் மூன்றாம் வாரம் வரும் பீட்டாவில் அந்த வரி இருக்கும். என் கணக்கு தப்பாது. அதுவரை பொறு.

விக்டர்


கொடைரோடு
02.11.2025

அண்ணா,

இன்று கல்லறைத் திருநாள். இங்கே சகோதரிகளின் கல்லறைகளுக்குப் பூப் போட்டோம். அங்கே அண்ணி மாமா கல்லறையில் முதல் வருஷ மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நீ அவர்கள் பக்கத்தில் போய் நின்றிருந்தால் நன்றாக இருக்கும்.

உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காய்ச்சல் இல்லாமல், பட்டினி இல்லாமல் இரு.

ஜாஸ்மின்


செஞ்சி
23.11.2025

மாதா துணை

அன்பே உருவான என் தங்கைக்கு,

வந்துவிட்டது. உனக்கு நான் சொன்ன வாரம், குழுவில் சொன்ன நாள். குறிப்பில் நான்காவதாக இருக்கிறது: சில நேரங்களில் உள்வரும் அழைப்பு ஒலிக்காமலும் பதிவாகாமலும் போன கோளாறு சரிசெய்யப்பட்டது. குழுவில் எல்லோரும் புது வசதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒருவன் இந்த வரியைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன். பாண்டுரங்கன் பயந்துபோய் டீயோடு ஓடிவந்தார்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, அடியில் தமிழிலும் எழுதிவிட்டேன். சட்டை இஸ்திரி போட்டாகிவிட்டது. இதோ தபால் பெட்டியில் இதைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் அவலூர்பேட்டை கிளம்புகிறேன். மே மாதம் உனக்கு ஆளுக்கு ஒரு பக்கம் வருவோம். மதரிடமும் சொல்லு.

உன் அண்ணன்
விக்டர்


கொடைரோடு
07.12.2025

இயேசுவுக்குப் புகழ்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, செஞ்சியில் எப்படி? கடைக்குள் தண்ணீர் வந்ததா?

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. போய் வந்ததும் எழுதுவாய் என்று தினமும் தபால் வரும் நேரத்தில் வாசல் பக்கமே துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்துவிட்டார்களா? வந்திருந்தால் அவர்கள் கையால் இரண்டு வரி எழுதச் சொல். வரவில்லை என்றாலும் எழுது அண்ணா. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் யாரும் இல்லை என்றால் பூசைக்காவது போ, தனியாக உட்கார்ந்திருக்காதே.

ஜாஸ்மின்


செஞ்சி
28.12.2025

அன்புள்ள ஜாஸ்மின்,

உனக்கும் மதருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து, தாமதமாக. கடைக்குள் தண்ணீர் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை, பட்டினி இல்லை. நள்ளிரவுப் பூசைக்குப் போனேன், சீக்கிரம் வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராணிதான் கதவைத் திறந்தாள். காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தாள், நான் எழுதிய தமிழையும் படித்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீங்க பொய் சொல்லல" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பையை எடுத்துக்கொள், கடைசி பஸ்ஸுக்குள் போய்விடலாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அவள் காகிதத்தை மடித்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்போ இது அடிக்காதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியும். நைனா போன அன்னிக்கே தெரியும்."

தெரியும் என்றேன்.

"மாதா பொறந்த நாளுக்கு முன்னாடி நான் கூப்பிட்டேன். வேளாங்கண்ணி போலாம், அப்படியே வீட்டுக்கு வந்துடுறேன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன். நைனா விஷயத்துல இன்னா நடந்துச்சோ, போவட்டும்னு மனச ஆத்திக்கிட்டுக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கினே இருந்துச்சு. அடிக்காதுன்னு தெரிஞ்சே அந்த போனை வச்சிருந்தீங்களா?"

உனக்காகத்தான், உனக்கு நிரூபிக்கத்தான் வைத்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கே கேட்டுவிட்டது. சொல்லவில்லை. அக்டோபரில் நீ எழுதியதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே அவள் கூப்பிட்டு முடித்திருக்கிறாள். நான் இங்கே கூப்பிடமாட்டாள், அவளை எனக்குத் தெரியும் என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்போது வருவாய் என்று கேட்டேன். "தேதி கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காகிதத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அம்மா குடை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

மே மாதம் நான் வருவேன். அவளையும் நீயே எழுதிக் கூப்பிடு. நான் வருகிறேன் என்பதற்காக அவள் வராமல் இருக்கக்கூடாது, வேண்டுமானால் நான் பின்னால் நின்றுகொள்கிறேன். என் இடத்தில், உன் வலது பக்கம் யாராவது ஒரு சகோதரியை வரச் சொல்.

குழுவில் அடுத்தது எப்போது ஜோசியரே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெரியாது என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பீட்டாவை எடுத்துவிட்டேன். போன் இப்போது நன்றாக அடிக்கிறது. வாடிக்கையாளர்கள் கூப்பிடுகிறார்கள், லோன் வேண்டுமா என்று யாரோ கூப்பிடுகிறார்கள், ஒன்றுகூடத் தவறுவதில்லை. குளிக்கும்போதும் கதவுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், மதர் படித்தாலும் சரி. நிரூபிக்கத்தான் அதை வைத்திருந்தேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அது முழுசும் உண்மை இல்லை. கோளாறு இருந்தவரை, போன் அடிக்காத ஒவ்வொரு நாளும், ஒருவேளை இன்றைக்கு அவள் கூப்பிட்டிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டு என்னால் தூங்கமுடிந்தது. இனி அடிக்கவில்லை என்றால், அவள் கூப்பிடவில்லை என்றுதான் அர்த்தம்.

பனிக்காலம், காதை மூடிக்கொண்டு படு. பதில் எழுது.

உன் அண்ணன்
விக்டர்